ட்ராஸக்ஸ் ஏரிச்சாலை: காரில் ஒரு முழு நாளுக்கான வழிகாட்டி

கிளாஸ்கோவுக்கு வரும் உறவினர்கள் எல்லாரும் முதலில் கேட்பது லாக் லோமண்ட் ஏரியைத்தான். கேள்விப்பட்ட பெயர், நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் கையில் ஒரே ஒரு நாள் இருக்கிறது என்று சொல்பவர்களை நான் அதற்குக் கிழக்கே இருக்கும் ட்ராஸக்ஸ் பக்கம்தான் கூட்டிப்போகிறேன். லாக் லோமண்டின் மேற்குக் கரை ஒரு பெரிய நெடுஞ்சாலை. லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவில் ஏரியை எட்டிப்பார்த்துக்கொண்டே போக வேண்டும். ட்ராஸக்ஸில் சாலையே மெதுவாகத்தான் போகவிடும். சின்னச் சின்ன ஏரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஓரமாக நடந்துபோக ஒரு பாதை.

முதலில் அந்தச் சொல். ஸ்காட்லாந்தில் ஏரியை 'லாக்' என்கிறார்கள். கடைசி எழுத்து நாம் சொல்லும் அழுத்தமான 'க்' இல்லை. 'எஃகு' என்று சொல்லும்போது தொண்டையிலிருந்து ஒரு காற்றொலி வருமே, கிட்டத்தட்ட அதுதான். ஆங்கிலேயர்களுக்கே சரியாக வராத அந்த ஒலியை நம் ஆய்த எழுத்து தெரிந்தவர்கள் சுலபமாகப் பிடித்துவிடுவார்கள். எழுத வசதியாக இருக்கட்டும் என்று இங்கே லாக் என்றே எழுதுகிறேன்.

லாக் லோமண்ட், ட்ராஸக்ஸ் இரண்டும் சேர்ந்து 2002இல் ஸ்காட்லாந்தின் முதல் தேசியப் பூங்காவாயின. நான் சொல்லப்போகும் சுற்று கிளாஸ்கோவில் தொடங்கி கிளாஸ்கோவில் முடிகிறது. அபர்ஃபாயில், லாக் கேட்ரின், கேலண்டர், லாக் லுப்னெய்க், பால்விடர், பிறகு திரும்பி வருவது. மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர். இதன் நடுப்பகுதியான அபர்ஃபாயில் முதல் கேலண்டர் வரை முப்பது கிலோமீட்டர்கூட வராது, நிற்காமல் ஓட்டினால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பலர் அப்படித்தான் முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். ஒரு நடையிலிருந்து அடுத்த நடைக்குப் போவதற்கு மட்டும்தான் கார்.

எப்போது போவது

என் முதல் தேர்வு மே மாதத்தின் பிற்பாதி. ஓக் மரங்கள் புதிதாகத் துளிர்த்து வெளிர்பச்சையாக இருக்கும், அடியில் நீலமணிப் பூக்கள் விரித்துக் கிடக்கும், இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அடுத்த தேர்வு அக்டோபர் நடு. பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, மலைச்சரிவில் பெரணி முழுக்கத் துருப்பிடித்த நிறத்துக்கு வந்திருக்கும். ஆனால் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும் என்பதால் கடைசி இரண்டு நிறுத்தங்களில் ஒன்றைக் கைவிட வேண்டிவரும்.

ஜூலை, ஆகஸ்டில் போகக்கூடாது என்றில்லை. பள்ளி விடுமுறை உள்ளவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அப்படியானால் வாரநாளில் போங்கள், காலை ஒன்பதரைக்குள் மலைக்குள் இருங்கள். ஒரு ஜூலை ஞாயிறு பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று வண்டி நிறுத்தங்களில் இடமில்லை, நாலாவதில் இருபது நிமிடம் காத்திருந்தோம், அதற்குள் பின் சீட்டில் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம் காலை எட்டு என்று நிலையாகிவிட்டது.

டிசம்பர், ஜனவரியில் பகல் ஏழு மணி நேரம்தான். மலைப்பாதையில் பனி உறைந்து வழுக்கும். பழகியவர்களுக்கு அது தனி அழகு, முதல் தடவை வருபவர்களுக்கு வேண்டாம்.

வண்டியும் சாலையும்

இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது நமக்கு ஒரு பெரிய வசதி. இந்தியா அல்லது இலங்கையிலிருந்து சுற்றுலாவாக வருபவர்கள் சொந்த நாட்டு உரிமத்தை வைத்தே பன்னிரண்டு மாதம் வரை கார் ஓட்டலாம். ஆனால் வாடகைக் கார் தருபவர்கள் வயது, அனுபவம் என்று தனியாக நிபந்தனை வைப்பார்கள், முன்பதிவின்போதே படித்துவிடுங்கள். சாதாரணமாகக் கியர் வண்டிதான் தருவார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், வாடகையும் கூடும்.

வழிப்பலகைகள் எல்லாம் மைலில் இருக்கும். மலைச்சாலையில் 60 மைல் வரை அனுமதி என்று பலகை சொன்னாலும், டியூக் கணவாயின் வளைவுகளில் 30 மைலே அதிகம். வேகமாக வருபவர் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றால் பதறாதீர்கள். ஒதுங்க இடம் வரும்போது இடது சிக்னல் போட்டு வழிவிடுங்கள், கை காட்டிவிட்டுப் போவார்.

ஒற்றைத்தடச் சாலைகள்தான் நமக்குப் புதிது. ஒரே ஒரு கார் அகலம், இருபக்கமும் போக்குவரத்து, நடுநடுவே ஒதுங்குமிடங்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகாமல், அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள், எதிரே வருபவர் உள்ளே ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போவார். படம் எடுப்பதற்காக ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவது இங்கே பெரிய தப்பு. ஆம்புலன்ஸ் வர வேண்டிய வழியும் அதுதான்.

இன்னொன்று: ஸ்காட்லாந்தில் மது அருந்தி ஓட்டும் வரம்பு 2014 முதல் இங்கிலாந்தைவிடக் கடுமையானது. ஓட்டுபவர் ஒரு பீர்கூடக் குடிக்காமல் இருப்பதே சரி.

முந்தின நாள் இரவு

வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னல் வரும், போகும். கேட்ரின் ஏரிக் கப்பலில் ஏறும் எண்ணம் இருந்தால் சீட்டை இணையத்தில் எடுத்துவிடுங்கள். வழியில் பிரியும் த்ரீ லாக்ஸ் காட்டுச்சாலை திறந்திருக்கிறதா என்று ஸ்காட்லாந்து வனத்துறையின் தளத்தில் ஒருமுறை பாருங்கள். பெட்ரோல் கிளாஸ்கோவிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

உடையில் ஒரே விதி, மழைச்சட்டை காரில் கிடக்க வேண்டும். வெயில் அடிக்கும் நாளிலும். மேற்கிலிருந்து வரும் மேகம் இந்த மலைகளில் முட்டித்தான் கொட்டுகிறது. நனைந்தாலும் வழுக்காத செருப்பு அல்லது ஷூ, மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி.

அப்புறம் சாப்பாடு. வழியில் கடைகள் உண்டு, ஆனால் நல்ல இடங்கள் இருப்பது கடை இல்லாத இடங்களில். புளிசாதம்தான் எங்கள் வீட்டில் முதல் தேர்வு. மதியம் வரை கெடாது, ஆறினாலும் ருசி குறையாது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் சரி. தயிர்சாதம் மட்டும் இந்தக் குளிரில் எடுபடுவதில்லை, பெட்டியைத் திறந்தால் ஐஸ் கட்டியைத் தின்பதுபோல் இருக்கும். கட்டாயம் எடுத்துப்போக வேண்டியது பிளாஸ்கில் மிளகு ரசம். 12 டிகிரிக் காற்றில், ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்து, மூடியில் ஊற்றிய ரசத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும்போது மூக்கு நுனிவரை சூடு ஏறும். வெள்ளைக்கார நண்பர்களுக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த தடவை அவர்களே கேட்டார்கள்.

ஒரு குப்பைப் பை மறக்காதீர்கள். பல இடங்களில் குப்பைத்தொட்டி இருக்காது, கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

காலை: அபர்ஃபாயிலும் லாக் ஆர்டும்

கிளாஸ்கோவிலிருந்து ஏ81 சாலையைப் பிடியுங்கள். ஸ்ட்ராத்பிளேன் தாண்டியதும் வலப்பக்கம் கும்பாச்சியாக ஒரு குன்று எழும்பும். அது டம்காய்ன், பழைய எரிமலையின் கழுத்து. அங்கிருந்து அரை மணி நேரத்தில் அபர்ஃபாயில். இதுவரை சமவெளி, இனிமேல் மலை. தெற்குத் தாழ்நிலத்தையும் வடக்கு மேட்டுநிலத்தையும் பிரிக்கும் பெரும் நிலப்பிளவு இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஊருக்கு முன்னால் வயலும் புல்வெளியும், ஊருக்குப் பின்னால் பாறையும் காடும். அந்த மாற்றத்தை காரிலிருந்தே பார்க்கலாம்.

ஊருக்குள் போனதும் மலை ஏறும் சாலையில் திரும்பாமல் நேராக பி829 சாலையில் ஐந்து நிமிடம் போங்கள். லாக் ஆர்ட். காற்று எழும்புமுன் போனால் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். மேற்கே 974 மீட்டர் பென் லோமண்ட் மலை தலைகீழாக அதில் நிற்கும். பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் இந்தக் காட்சி கிடைக்காது, ஒரு சின்னக் காற்று போதும் கலைந்துவிட. அதனால்தான் இதை முதலில் வைத்தேன். தென்கரைக் காட்டுக்குள் நல்ல நடைபாதைகள் உண்டு, அரை மணி நேரம் நடந்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள்.

இப்போது ஏ821, மலை ஏறும் சாலை. ஊரைவிட்டு ஏறியவுடனேயே வலப்பக்கம் 'தி லாட்ஜ்' என்கிற வனத்துறை மையம். கழிப்பறை, காப்பி, குழந்தைகளுக்குச் சின்ன நடைகள், ஒரு அருவி. பார்க்க வேண்டியது செவ்வணில் மறைவிடம். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அமெரிக்கச் சாம்பல் அணில்கள் வந்து செவ்வணிலை ஒழித்துவிட்டன. இந்தக் காடுகளில் இன்னும் இருக்கிறது. மரக்குடிலுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் போதும். நான் பார்த்த ஒன்று தீனிப் பெட்டியின் மூடியைத் தலையாலேயே தூக்கி, பாதி உடம்பை உள்ளே விட்டு ஒரு கொட்டையை எடுத்து, மூடி 'டக்' என்று விழுந்ததும் அதன்மேலேயே உட்கார்ந்து தின்றது. காதில் குச்சமாக மயிர், வால் உடம்பைவிட வெளிறிய செம்பு நிறம். நம் ஊர் முதுகுக் கோட்டு அணிலைவிட நன்றாகப் பெரியது. கோடைக்காலத்தில் விராலடிப்பான் பறவையின் கூட்டை இந்த மையத்தில் நேரடிக் காட்சியாகக் காட்டுவதும் உண்டு.

டியூக் கணவாய்

லாட்ஜுக்கு மேலே தொடங்குவதுதான் டியூக் கணவாய். மாண்ட்ரோஸ் டியூக் 19ஆம் நூற்றாண்டில் தன் நிலத்தில் போட்ட சாலை, அதனால் அந்தப் பெயர். கொண்டை ஊசி அளவுக்கு இல்லையென்றாலும் வளைவுகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். கொடைக்கானல் ஏறும்போது தலைசுற்றுபவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும். உச்சிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டு. இறங்கி வடக்கே பாருங்கள், நீங்கள் இன்று போகப்போகும் ஏரிகளின் பக்கமெல்லாம் அங்கே விரிந்து கிடக்கும்.

கணவாயிலேயே வலப்பக்கம் பிரிவது த்ரீ லாக்ஸ் காட்டுச்சாலை. 11 கிலோமீட்டர், ஒருவழி, தார் போடாத மண்சாலை, நுழைய ஒரு சின்னக் கட்டணம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். இதில் போவதா வேண்டாமா என்று கேட்டால், திறந்திருந்தால் கட்டாயம் போங்கள் என்பேன். முதலில் வருவது ஒரு குட்டி ஏரி. அடுத்தது லாக் டிரங்கி, காட்டுக்கு நடுவே கிளைகிளையாகப் பிரிந்து கிடக்கும் நீர். முதல் பிக்னிக்குக்கு இதுதான் இடம். கரையை ஒட்டி வண்டியை ஓரமாக நிறுத்த நிறைய இடம், பத்தடி நடந்தால் தண்ணீர், பெரும்பாலும் உங்களைத் தவிர யாருமில்லை. இட்லிப் பெட்டியை இங்கே திறக்கலாம். பத்து நிமிடம் சாலையிலேயே முன்னும் பின்னும் நடங்கள், ஊசியிலை மரங்களின் பிசின் மணம் நுரையீரல் வரை போகும். மூன்றாவதாக லாக் ஆக்ரே கரைக்கு வந்து, காட்டுச்சாலை மறுபடி ஏ821இல் சேர்ந்துவிடும்.

லாக் கேட்ரின்

இந்த நாளின் நடுநாயகம் இதுதான். பிரதான சாலையிலிருந்து பிரிந்து ஒன்றரை கிலோமீட்டர் போனால் ட்ராஸக்ஸ் படகுத்துறை. வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு, முழு நாளுக்குச் சீட்டு எடுக்கத் தேவையில்லை, மூன்று மணி நேரம் போதும்.

கிளாஸ்கோவில் குழாயைத் திறந்தால் வருவது இந்த ஏரித் தண்ணீர். 1832லும் 1848லும் காலரா வந்து அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். கிணறும் ஆறும் சாக்கடையும் ஒன்றாகக் கிடந்த காலம். மலைக்குள் இருக்கும் இந்த ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரலாம் என்று முடிவெடுத்து, ஜான் பேட்மன் என்ற பொறியாளர் 42 கிலோமீட்டருக்குக் குகையும் கால்வாயுமாக வழி வெட்டினார். பம்பு எதுவும் இல்லை. ஒரு மைலுக்குப் பத்து அங்குலம் மட்டும் சரியும்படி அமைத்திருக்கிறார்கள், தண்ணீர் தானாகவே நகரம் வரை நடந்துபோகிறது. மலையைக் குடைந்துகொண்டு போகும்போது அந்தச் சரிவை அங்குலக் கணக்கில் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. விக்டோரியா அரசி 1859 அக்டோபரில் வந்து மதகைத் திறந்து வைத்தார். 1866இல் காலரா மறுபடி வந்தபோது கிளாஸ்கோவில் இறந்தவர்கள் மிகச் சிலரே.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இந்தக் கதையைக் கரையில் நின்று சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுக் குழாயில வர்றது இதுதானாப்பா?" என்றார். ஆமாம் என்றதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து ஒரு கை அள்ளி, நெற்றியில் தொட்டுக்கொண்டார். வைகைக் கரையில் வளர்ந்தவர், அவருக்குத் தண்ணீர் என்றால் அப்படித்தான். தண்ணீர் லேசான தேநீர் நிறத்தில் இருக்கும், மேலே உள்ள கரிநிலத்தின் சாயம் அது. உப்பே இல்லாத மென்நீர். எங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் இத்தனை வருடத்தில் வெள்ளைப் படிவு ஏறியதில்லை.

இங்கே எப்படி நேரம் செலவிடுவது? நடை முதலில். படகுத்துறையிலிருந்து வடகரையோரமாகத் தார்ச்சாலை போகிறது. பொதுமக்களின் கார்களுக்கு அனுமதியில்லை, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டுமே. முதல் சில கிலோமீட்டர் பெரும்பாலும் சமதளம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளுபவர்களுக்கும் இதைவிட நல்ல நடை இந்தச் சுற்றில் இல்லை. சாலைக்கு இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் பாசி படர்ந்த ஓக், பிர்ச் மரங்கள், பாறையிலிருந்து கசிந்து ஓடும் ஓடைகள். கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு குட்டித் தீவு தெரியும், எலன் தீவு. வால்டர் ஸ்காட் 1810இல் எழுதிய நெடுங்கவிதையின் நாயகி பெயர் அது. அந்தக் கவிதைக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் சுற்றுலா என்று ஒன்று தொடங்கியது. தீவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் சரி, மூன்று கிலோமீட்டர் போய் ப்ரெனக்காயில் முனை வரை பார்த்துவிட்டு வந்தாலும் சரி.

கப்பலும் அந்தக் கவிஞர் பெயரில்தான், சர் வால்டர் ஸ்காட். 1899இல் கட்டிய நீராவிக் கப்பல், பழுதுபார்த்து 2023 முதல் மறுபடி ஓடுகிறது. இயந்திரத்தை மேல்தளத்திலிருந்தே எட்டிப்பார்க்கலாம், பிஸ்டன்கள் எண்ணெய் மினுங்க ஏறி இறங்கும். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். கொஞ்சம் துடிப்புள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. படகில் ஏரியின் மேற்குப் பக்கமிருக்கும் ஸ்ட்ரோனக்லாகர் துறை வரை போய், வடகரைச் சாலையில் சைக்கிளில் திரும்பி வரலாம். இருபது கிலோமீட்டருக்கு மேல், ஏற்ற இறக்கமும் உண்டு. அப்படிச் செய்தால் மதியத்துக்கு மேல் உள்ள என் திட்டத்தில் பாதியை வெட்டிவிடுங்கள். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

குடிநீர் ஏரி என்பதை மனதில் வையுங்கள். எச்சில் கை கழுவுவது, மிச்சச் சோற்றைத் தண்ணீரில் கொட்டுவது வேண்டாம்.

பென் ஆன்

மலை ஏற ஆசை இருப்பவர்களுக்காக இது. படகுத்துறையிலிருந்து திரும்பி வரும்போது சாலையோரத்திலேயே வண்டி நிறுத்தம் இருக்கிறது. 454 மீட்டர்தான், ஆனால் கற்படிகள் செங்குத்தாக ஏறும். போக வர இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்பாறையில் நின்றால் கேட்ரின் ஏரி முழு நீளத்துக்கும் கீழே கிடக்கும். இதைவிட இருமடங்கு உயரமான மலைகளில்கூட இந்த அளவு காட்சி கிடைப்பதில்லை. இதை ஏறுவதென்றால் கப்பலை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் சாயங்காலம் பால்விடரில் யாருக்கும் காரைவிட்டு இறங்கத் தெம்பிருக்காது.

மதியம்: வெனக்கர், கேலண்டர்

லாக் ஆக்ரே கரையில் ஒரு சின்னத் தேவாலயம், தண்ணீரில் நிழல் விழும்படி நிற்கும். அதைத் தாண்டி பிரிக் ஓ டர்க் என்று ஒரு ஊர். துருக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் 'டோர்க்' என்றால் காட்டுப்பன்றி. பன்றிப்பாலம் என்று பொருள்.

அடுத்து நீளமான லாக் வெனக்கர். சாலை கரையை ஒட்டியே போகும், நிறுத்த இடங்களும் உண்டு. பசித்துவிட்டதென்றால் புளிசாதத்தை இங்கே பிரிக்கலாம். இல்லையென்றால் பொறுத்திருங்கள், லுப்னெய்க் இன்னும் நல்ல இடம்.

வெனக்கர் முடிந்து கில்மஹாக் என்ற இடத்தில் ஏ84 வரும். வலப்பக்கம் திரும்பினால் இரண்டு நிமிடத்தில் கேலண்டர். பெட்ரோல், கழிப்பறை, மருந்துக்கடை, பேக்கரி எல்லாம் இருக்கும் ஊர். தேவைப்பட்டதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் என்றால் மட்டும் பிராக்லின் அருவிக்குப் போய் வாருங்கள், ஊருக்கு மேலேயிருந்து கால் மணி நேர நடை.

லாக் லுப்னெய்க்

கேலண்டரிலிருந்து வடக்கே ஏ84. லெனி இடுக்குக்குள் நுழைந்ததும் இருபக்கமும் மலை நெருங்கி, ஆறு சாலைக்குப் பக்கத்திலேயே நுரைத்துக்கொண்டு ஓடும். அது திறந்துகொள்ளும் இடத்தில் லுப்னெய்க். வளைந்த ஏரி என்று கேலிக்கில் பொருள், மேலிருந்து பார்த்தால் முழங்கையை மடக்கிய மாதிரி இருக்கும். கிழக்குக் கரையில், சாலையை ஒட்டி, இரண்டு நிறுத்தங்கள். மேசைகள், கழிப்பறை, கூழாங்கல் கரை. எதிரே 879 மீட்டர் பென் லெடியின் தோள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும்.

மதியச் சாப்பாடு இங்கே. மேசையைவிட தண்ணீருக்கு அருகே கற்களின்மேல் பாய் விரித்து உட்காருவதைத்தான் நாங்கள் விரும்புவோம். பிள்ளைகளுக்குத் தட்டைக்கல் பொறுக்கி எறிய விட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. தண்ணீரில் இறங்குவது மட்டும் கவனம். கரையில் முழங்கால் ஆழம், நாலடி தள்ளி ஆளை விழுங்கும் ஆழம். கோடையிலும் உறையும் குளிர், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே மூச்சு முட்டிவிடும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடக்க வேண்டுமென்றால் மேற்குக் கரை. கேலண்டரிலிருந்து ஓபன் வரை ஓடிய ரயில் 1965இல் நின்றுபோனது. அந்தத் தண்டவாளம் இருந்த வழியில்தான் இப்போது நடைபாதையும் சைக்கிள் பாதையும். ரயில் போன வழி என்பதால் ஏற்றமே தெரியாது.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் ஏறக்குறைய எங்கும் நடக்கலாம், பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் இந்த ஏரிக்கரைகள் பலவற்றில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரம் அடிக்கவும் தீ மூட்டவும் அனுமதிச்சீட்டு வேண்டும். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் அடுப்பைப் புல்லின்மேல் வைத்தால் அது கரிந்த சதுரத்தை விட்டுச்செல்லும், அது பல மாதம் ஆறாது. பிளாஸ்க் போதும்.

மிட்ஜ் என்னும் பூச்சி

கொசுவில் கால்வாசிகூட இருக்காது. கூட்டமாக வரும். மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை, முக்கியமாகக் காற்றில்லாத, மந்தமான காலை, மாலை வேளைகளில். கையை மடக்கி வாயில் வைப்பதற்குள் முகத்தில் நூறு உட்கார்ந்திருக்கும். நோய் எதுவும் பரப்பாது, அரிப்புதான். காற்று அடித்தால் பறக்காது, நல்ல வெயிலிலும் ஒதுங்கிவிடும். அதனால் பிக்னிக் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிடக் காற்றைப் பாருங்கள். திறந்த கூழாங்கல் கரை நல்லது, மரத்தடி மோசம். லுப்னெய்க் இந்த விஷயத்திலும் முன்னுக்கு நிற்கிறது, இடுக்கு வழியே பெரும்பாலும் காற்று வந்துகொண்டே இருக்கும். பூச்சித் தைலமும் தலைக்குப் போடும் வலையும் கேலண்டர் கடைகளில் கிடைக்கும்.

மாலை: பால்விடர்

ஏரி முடிந்து ஸ்ட்ராதையர் தாண்டி, கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் பால்விடருக்குப் பிரியும் ஒற்றைத்தடச் சாலை. ஒதுங்குமிடப் பாடம் இங்கேதான் பயன்படும். மூன்று, நான்கு கிலோமீட்டரில் தேவாலயமும் அதன் முன்னே ராப் ராய் மெக்ரிகரின் கல்லறையும். 1671இல் கேட்ரின் ஏரியின் மேற்கு முனையில் பிறந்தவர். மாட்டு வியாபாரி, கடனில் நொடித்தபின் மலைக்குள் இருந்து பணக்காரர்களோடு மோதியவர், 1734இல் இறந்தார். மெக்ரிகர் என்ற குலப்பெயரைச் சொல்வதே குற்றம் என்று 1603இல் சட்டம் போட்டார்கள். 1774இல்தான் அது முற்றாக நீங்கியது. அதனால்தான் பின்னாளில் வைத்த கல்லில் 'மெக்ரிகர், அவர்களை மீறி' என்று பொறித்திருக்கிறார்கள்.

தேவாலயத்துக்குப் பின்னால் காட்டுப்பாதை மேலே ஏறுகிறது. க்ரெய்க் அன் டர்க் பாறை வரை போங்கள், போக வர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடலாம். கடைசியில் கொஞ்சம் மூச்சு வாங்கும். மேலே ஒரு பெஞ்சு. கீழே லாக் வாயில் மேற்கே நீண்டு போக, அதன் முடிவில் மலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நீலம் மங்கிக்கொண்டே போகும். மே மாதத்தில் எட்டு மணிக்கும் வெயில் அந்தப் பள்ளத்தாக்கில் படுத்திருக்கும். மிச்சமிருக்கும் ரசத்தை நான் இதற்காகத்தான் வைத்திருப்பேன்.

திரும்பும் வழி

கேலண்டர் வரை வந்த வழியே. அங்கிருந்து ஸ்டெர்லிங் போய் மோட்டார்வே பிடித்தால் சாலை நேராக இருக்கும், இருட்டிவிட்டால் அதுவே நல்லது. வெளிச்சம் இருந்தால் ஏ81 வழியாக மென்டீத் ஏரியை ஒட்டி வாருங்கள். லாக் என்று இல்லாமல் லேக் என்றே அழைக்கப்படும் ஏரி இது. நடுவில் உள்ள தீவில் 1238இல் எழுப்பிய மடாலயம். நான்கு வயதுக் குழந்தையாக இருந்த ஸ்காட்லாந்தின் மேரி அரசியை 1547இல் ஆங்கிலப் படையிடமிருந்து காப்பாற்ற இங்கேதான் சில வாரம் ஒளித்து வைத்தார்கள். சாயங்காலம் படகு இருக்காது. கரையில் நின்று பார்ப்பதோடு சரி. மடாலயத்துக்கு வேறொரு நாள் காலையில் வாருங்கள்.

அந்தி நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும். ஒன்று குறுக்கே ஓடினால் பின்னால் இன்னொன்று இருக்கும், உடனே வேகம் எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது எல்லாரும் உண்ணி பார்த்துக்கொள்ளுங்கள். பெரணிக்குள் நடந்தவர்களுக்கு ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, பிள்ளைகளுக்குத் தலைமுடி ஓரம், காதுக்குப் பின்புறம். எள் அளவுதான் இருக்கும். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு காட்டுவது வேண்டாம். மருந்துக்கடையில் விற்கும் உண்ணிக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து முழுதாக எடுத்துவிடுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், எங்கே நடந்தீர்கள், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.